நாலாவது கோடு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் உன் முழங்காலும் சண்டை சச்சரவில்லாமல் இருக்கிறீர்களா என்று அறிய ஆவல்.

எங்கள் அலுவலகத்தை ஒன்பதாவது மாடிக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்து மேசைமேல் உட்காருகிறது. கீழே தெருவும் இல்லை, ஊரும் இல்லை. ஹாரன் சத்தம் மட்டும் எங்கோ மிதக்கிறது. பதினோரு மணிக்குத்தான் உலகம் திரும்பிவருகிறது. அதுவரை வேலை செய்வதாகப் பாவனை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் என் பட்டியலில் நம் ஊர் விழுந்திருக்கிறது. பெண்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும் திட்டம் அங்கே ரெண்டு வருடமாக நடக்கிறதல்லவா? படகுத்துறையில் தினமும் மாலை நாலு மணிக்கு வகுப்பு, வாரம் ஒரு ரேடியோ நாடகம். அதனால் ஏதாவது மாறியதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. மாறியிருந்தால் இன்னும் மூன்று வருடம் நடக்கும். இல்லையென்றால் ஜூன் மாதத்தோடு மூடிவிட்டு டீச்சரை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். "சொந்த ஊராச்சே, நான் பாக்கலாமா?" என்று மேலாளரிடம் கேட்டேன். "பேச்சு புரியும்ல, அப்புறம் என்ன?" என்றுவிட்டார்.

தண்ணீரில் இறங்குவது தப்பு என்று ஒருத்தி நினைக்கிறாளா என்பது ஒரு கேள்வி. ஊர் அதைத் தப்பு என்று நினைப்பதாக அவள் நினைக்கிறாளா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதுதான் ஆளைக் கரையிலேயே நிறுத்திவைக்கிறது. தலை சுற்றினால் உட்கார்ந்து படி.

சின்னவள் போய் ஏழு வருடம் ஆகிறது. படகு கவிழ்ந்த இடத்திலிருந்து கரை முப்பது கை வீச்சு. ஆண்கள் ஐந்து பேரும் நீந்தி வந்துவிட்டார்கள். நம் தங்கையோடு சேர்த்து ஆறு பெண்களும் வரவில்லை. நான் இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வித்தாளை இணைத்திருக்கிறேன். வேற்று பாஷையில் இருந்ததை நான்தான் தமிழாக்கினேன். தெரிந்தவர்களிடம் படித்துக் காட்டி, எங்கே இடிக்கிறது என்று எழுது.

உன் பதிலை எதிர்பார்த்து,
தம்பி

ஜனவரி 29

அன்புத் தம்பிக்கு,

இங்கு நலம். முழங்காலோடு சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பனிமூட்டத்தையே குடித்துக்கொண்டிருக்கிறாயா?

உன் கேள்வித்தாளை மாடிவீட்டு வீட்டுக்காரம்மா, பால் போடும் அம்மாள், பட்டன் தைக்க வரும் பெண் என்று ஏழு பேரிடம் படித்துக் காட்டினேன். ஏழாவது கேள்வியில், "பெண் தண்ணீரில் இறங்கினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று எழுதியிருக்கிறாய். எட்டாவதில், "பத்துப் பேரில் எத்தனை பேர் அதைத் தவறு என்பார்கள்?" ஏழு பேரும் பட்டென்று "நாலு பேர்" என்றார்கள். "எப்படி எல்லாரும் சொல்லிவெச்ச மாதிரி நாலுங்கறீங்க?" என்று கேட்டேன். வீட்டுக்காரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "முந்தின கேள்வியில நீதானேம்மா நாலு பேர்னு சொன்ன? மிச்சம் ஆறு பேரு வாயைத் திறக்க மாட்டாங்க போலன்னு நினைச்சேன்" என்றார். இதைக் கொண்டுபோய் நாற்பது சதவீதம் என்று கட்டம் போட்டு மாட்டிவிடாதே.

எனக்கு ஒரு யோசனை. பிறந்ததிலிருந்து இந்த நாலு பேரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருநாள்கூட அவர்கள் என் கடைக்கு ஒரு சட்டை தைக்க வந்ததில்லை. யார் அவர்கள்? அதையே கேளேன். நாலு கோடு போட்டுக் கொடு. பெயர் வேண்டாம், உறவையோ தொழிலையோ எழுதட்டும்.

நாலு மணி வகுப்பைப் பற்றிக் கேட்பாய். யாரும் போவதில்லை. தவளை டீச்சர் (அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர்) துறையில் தனியாக உட்கார்ந்து விசிலைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். தையல் வேலை தலைக்குமேல் இருக்கிறது. காகிதத்தின் ஓரம் நனைந்திருந்தால் பயப்படாதே. தலையைத் துவட்டாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

பிப்ரவரி 2
(எழுதி, அனுப்பாமல் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்தது)

தம்பி,

போன கடிதத்தில் பாதிதான் சொன்னேன். நாலு மணி வகுப்புக்கு யாரும் போவதில்லை என்பது நிஜம். ஆனால் விடிகிற நேரத்தில், மூடிக் கிடக்கும் ஐஸ் பேக்டரிக்குப் பின்னால், ஆறு உள்வாங்கி அசையாமல் நிற்கிற இடத்தில், பத்தொன்பது பெண்கள் தண்ணீரில் இருக்கிறோம். ஆமாம், நானும் இருக்கிறேன்.

அந்த நேரத்து மூட்டத்தில் பக்கத்தில் நீந்துகிறவள் யாரென்று மூச்சு வாங்குவதை வைத்துத்தான் தெரியும். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. மல்லாந்து படுத்து, காது தண்ணீருக்குள் போனதும் ஊர் அணைந்துவிடுகிறது. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயசு இல்லை, முழங்கால் இல்லை, கடையில் கிடக்கிற துணி இல்லை. மேலே வெள்ளை, கீழே கறுப்பு, நடுவில் நான். சில நாள் தூக்கமா விழிப்பா என்றே தெரிவதில்லை. டீச்சர் மெதுவாக என் தோளைத் தட்டி, "கரை அந்தப் பக்கம்" என்பார்.

துணி நான் தைத்தது. உடம்பில் ஒட்டாத கெட்டித் துணி. கீழ் ஓரத்தில் மீன்வலைக்குக் கட்டும் சின்ன ஈயக்குண்டுகளை வைத்து மடித்துத் தைத்தால் தண்ணீரில் மேலே ஏறாது. அந்த வெட்டைக் கண்டுபிடிக்க நாலு மாதம் பிடித்தது. பதிவேட்டில் யார் பெயரையும் எழுதுவதில்லை என்று டீச்சர் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதனால் நாங்கள் காகிதத்தில் இல்லை.

வகுப்பு நிற்க வேண்டுமா வேண்டாமா என்று எழுதப் போகிறவன் நீ. உன்னிடமாவது சொல்ல வேண்டும். ஆனால் 'நான்', 'தண்ணீர்' என்ற ரெண்டையும் ஒரே வரியில் எழுதினால் நீ பழைய நாள் ஒன்றை நினைத்துக்கொள்வாய். நினைத்து அங்கே தனியாக உட்கார்ந்திருப்பாய். அது எனக்கு வேண்டாம்.

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஈரத்தலையோடு இருக்காதே, சளி பிடித்தால் லேசில் விடாது.

உன் யோசனைக்கு மேலாளர் தலையை ஆட்டிவிட்டார். கேள்வி இப்போது இப்படி: "யார் என்ன நினைப்பார்கள் என்பது உங்களுக்கு முக்கியமோ, அவர்களை எழுதுங்கள்." கீழே நாலு கோடு. கணக்கெடுக்கும் பெண் மார்ச்சில் வருவாள். வீடு வீடாகச் சீட்டுக் குலுக்கித்தான் தேர்ந்தெடுக்கிறோம். உன் கதவைத் தட்டினால் என் அக்கா என்று காட்டிக்கொள்ளாமல் பதில் சொல்.

நேற்று ஒரு கனவு. ஒன்பதாவது மாடி வரைக்கும் தண்ணீர். மேசைகளெல்லாம் மெல்ல மிதக்கின்றன. படிவங்கள் ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே நீந்தி வெளியே போகின்றன. பிடிக்கக் கையை நீட்டினால் எனக்கு நீச்சல் தெரியாது என்பது ஞாபகம் வருகிறது. ஆற்றங்கரைக்காரன், ஆண்பிள்ளை, நீச்சல் தெரியாது என்றால் இங்கே யாரும் நம்புவதில்லை. நான் ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று நீயும் கேட்டதில்லை.

வேலை அதிகம் என்று எழுதியிருந்தாய். என்ன தைக்கிறாய்?

அன்புடன்,
தம்பி

மார்ச் 23

அன்புத் தம்பிக்கு,

சுகம். சளியெல்லாம் இல்லை.

சீட்டு என் வீட்டுக்கும் விழுந்தது. பெரிய பையும் சின்னக் குரலுமாக ஒரு பெண் வந்தாள். தண்ணீர் கொடுத்தேன். ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். அந்த அவகாசம் எனக்குப் பிடித்திருந்தது. நீ சொல்லிக்கொடுத்ததா?

தைப்பது வழக்கமான துணிதான். வெயில் ஏறுகிறது, மெஷினுக்கு எண்ணெய் போட வேண்டும்.

அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் நலம் எப்படி? போன கடிதம் தந்தி மாதிரி இருந்தது.

படிவங்கள் வந்துவிட்டன. நூறு பேர். "உங்களைப் பொறுத்தவரை இதில் தப்பிருக்கிறதா?" என்றதற்கு எழுபத்தோரு பேர் இல்லை என்கிறார்கள். "ஊர் என்ன சொல்லும்?" என்றதற்குத் தொண்ணூறு பேர், தப்பென்று சொல்லும் என்கிறார்கள். தனித்தனியே எல்லோரும் நல்லவர்கள், சேர்த்து வைத்தால் ஊர். ராத்தூக்கம் கெடாமல் இதை எப்படி எழுதுவது?

மனம் கொஞ்சமாவது இளகியிருக்கிறதே என்று மேலாளரிடம் வாதாடிப் பார்த்தேன். "மனசுக்குள்ள இருக்கறதுக்கு மார்க் கிடையாதுப்பா. ஒருத்தியாவது தண்ணியில இறங்கினாளா? அதைக் காட்டு" என்றார். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. வருகைப் பதிவேட்டில் ரெண்டு வருடமும் பூஜ்யம். டீச்சரிடம் கேட்டால், "பதிவேட்டுல இருக்கறதுதாங்க சார்" என்று முடித்துக்கொள்கிறார். ஜூன் முதல் தேதி அறிக்கை போயாக வேண்டும். "மாற்றம் இல்லை, நிறுத்தலாம்" என்று எழுதுவதைத் தவிர வழி தெரியவில்லை. சின்னவளுக்காக வந்த வேலையில் சின்னவள் போன ஊரையே மூடப் போகிறேன்.

இன்னொன்று. பார்க்கக் கூடாதுதான், பார்த்துவிட்டேன். 'தொழில்: தையல்' என்று ஒரு படிவம். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? நாலு கோட்டில் வீட்டுக்காரம்மா, துணிக்கடைக்காரர், எதிர்வீட்டு நர்ஸ் என்று மூன்று இருக்கிறது. நாலாவது கோட்டில் பேனாவை வைத்து எடுத்த புள்ளி ஒன்று, அப்புறம் ஒன்றுமில்லை. மறந்துவிட்டாயா?

தம்பி

மே 5

அக்கா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஏதுமா? கோடு பற்றிக் கேட்டது பிசகு என்றால் விட்டுவிடு. நலமாக இருக்கிறாய் என்று ஒரு வரி போட்டால் போதும்.

தம்பி

மே 16

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, கல்லுக்குண்டாட்டம் இருக்கிறேன். ஒரு அனுமதி வாங்க வேண்டியிருந்தது, அதற்குத்தான் நாளாகிவிட்டது.

இதோடு வருவது என் கடை அளவு நோட்டு. ஈரம் படாமல் வைத்துக்கொள். பத்தொன்பது பேர். பெயர் இருக்கிற இடத்தில் ஒன்று, இரண்டு என்று நம்பர்தான் இருக்கும். இவர்கள் எல்லோருக்கும் நான் நீச்சல் உடை தைத்திருக்கிறேன். விடிகிற நேரத்தில் ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் டீச்சர் சொல்லிக்கொடுக்கிறார், ஒன்றரை வருடமாக. பதிவேடு சொல்லும் பூஜ்யம் அவர் எங்களுக்குக் கொடுத்த வாக்கு. அவர் மேல் குற்றம் சொல்லாதே.

துணி தைத்தால் போதுமா, இறங்கினார்கள் என்று எப்படி நம்புவது என்று உன் மேலாளர் கேட்பார். பதினோரு பேர் இரண்டாவது செட்டும் தைத்திருக்கிறார்கள், முதல் செட் தண்ணீரில் வெளுத்து நைந்துபோனதால். அந்தப் பதினோரு பேருக்கும் ரெண்டாம் முறை அளவெடுத்திருக்கிறேன். தோள்பட்டையைப் பார். அரை இஞ்ச், முக்கால் இஞ்ச், ஏழாம் நம்பருக்கு ஒரு இஞ்ச். இருபது வருடமாகப் பெண்களுக்குத் தைக்கிறேன் தம்பி. வீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு ஏறும், தோள் ஏறாது.

உனக்கு அனுப்பலாமா என்று தண்ணீரிலேயே கேட்டேன். மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், "உங்க தம்பி எப்படிப்பட்டவர்?" என்றது. "கேள்வி கேட்டே பொழைக்கறவன். ஆனா நல்லவன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொருத்தியாகச் சரி சொல்ல ரெண்டு வாரம் ஆனது. கடைசியாகச் சொன்னவள், "மூடிட்டா நான் இனி எங்க போய் மூச்சு விடறது, அனுப்புங்க" என்றாள்.

பத்தொன்பதாம் நம்பர் யாரென்று கேட்காதே, உனக்கே தெரிந்துவிடும். சின்ன வயசில் அவள் சட்டையை மடித்துத் தைத்துத்தானே நீ போட்டுக்கொண்டாய்.

நாலாவது கோடா? பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

அக்கா

மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

நோட்டு பத்திரமாக வந்தது. நானும் பத்திரமாக இருக்கிறேன்.

மேலாளரிடம் காட்டினேன். நெடுநேரம் புரட்டினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து டேப் எடுத்துத் தன் தோளைத் தானே அளந்து பார்க்க முயன்று, என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டார். "இதை நான் எழுதக் கூடாது சார், இதுல என் அக்கா இருக்கா, நானும் இருக்கேன்" என்றேன். நம் ஊரைத் தெரியாத வேறொரு மதிப்பீட்டாளர் அம்மாளை அடுத்த வாரம் அனுப்புகிறார். விடியற்காலையில் தூர நின்று எண்ணிவிட்டு வருவார். யார் பெயரும் கேட்க மாட்டார். அறிக்கைக்கு இருபது நாள் தவணை வாங்கியிருக்கிறோம்.

நானும் இருக்கிறேன் என்று ஏன் சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. நாலாவது கோட்டில் வர வேண்டியது நான்தானே? இனிமேலும் மறைத்தால் நான் மனுஷனில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயசு. நீயும் சின்னவளும் பாலத்துக்குக் கீழே நீந்திக்கொண்டிருந்தீர்கள். அவளுக்கு ஒன்பது, உன் கையைப் பிடித்துக்கொண்டு காலை அடித்துக்கொண்டிருந்தாள். நான் பாலத்தின்மேல் நின்றிருந்தேன். கூடப் படிக்கும் பையன்கள் கீழே எட்டிப் பார்த்து, "டேய், அது உங்க அக்காதானே?" என்றார்கள். அவ்வளவுதான். ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடிப்போய், "நாலு பேர் பாக்கறாங்கப்பா" என்று அப்பாவிடம் சொன்னேன். அதன்பிறகு நீங்கள் இருவரும் ஆற்றுப்பக்கமே போகவில்லை. யார் சொன்னது என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பாலத்தின்மேல் இருந்த பையன்கள் மூன்று பேர், அக்கா. எத்தனையோ முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். மூன்றே பேர். நாலாவது ஆள் நான்.

இன்னும் ஒரு கோடைக்காலம் கிடைத்திருந்தால் அவள் கற்றுக்கொண்டிருப்பாள். முப்பது கை வீச்சு அவளுக்கு ஒரு தூரமா? இதை எந்தப் படிவத்தில் எழுதுவேன்?

மன்னித்துவிடு என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

தம்பி

ஜூன் 19

என் தம்பிக்கு,

நான் சுகம். நீ இதைப் படித்து முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு, ஏதாவது சாப்பிடு.

முதலில் நல்ல செய்தி. உங்கள் மதிப்பீட்டாளர் அம்மாள் மூன்று நாள் வந்தார். நாங்கள் இருக்கும் இடம் தெரியாமல் முதல் நாள் ஆற்று வளைவுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கே எண்ணினால் பதினைந்து பெண்கள்! எங்கள் ஆட்கள் இல்லை, ரேடியோ நாடகத்தைக் கேட்டுத் தாங்களாகவே இறங்கியவர்கள். நாங்கள் இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம், நடுவில் மூட்டம். ஒரு வருடமாக அந்தப் பக்கம் சலசலப்புக் கேட்டால் அவர்களைத்தான் ஊர் என்று நினைத்து நாங்கள் சத்தமில்லாமல் நீந்தியிருக்கிறோம். அவர்களும் எங்களை அப்படித்தான். மூன்றாம் நாள் டீச்சர் போய் அவர்களைக் கூட்டிவந்தார். துணிக்கடைக்காரர் பெண்டாட்டியும் எதிர்வீட்டு நர்ஸும் தண்ணீரில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து முழிக்கிறார்கள். நானும் அவர்களைப் பார்த்து முழித்தேன். அப்புறம் சிரித்த சிரிப்பில் யாராலும் நீந்த முடியவில்லை.

வகுப்பு இன்னும் மூன்று வருடம் நடக்கும் என்று டீச்சருக்கு நேற்றுக் காகிதம் வந்துவிட்டது.

இப்போது மற்றது. நாலாவது கோட்டில் நான் எழுத நினைத்தது உன்னை இல்லை. சின்னவளை. "யார் என்ன நினைப்பாங்கங்கறது உங்களுக்கு முக்கியமோ அவங்களை எழுதுங்க" என்றாள் அந்தப் பெண். பேனாவை வைத்துவிட்டேன். போய்ச் சேர்ந்தவர்களை எழுதலாமா என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நீ அப்பாவிடம் சொன்னது எங்களுக்கு அன்றைக்கே தெரியும். பின்வாசல் வழியாக வந்துவிட்டிருந்தோம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஈரத்தலையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னை இழுத்துப்போட்டு நாலு சாத்து சாத்தக் கிளம்பினேன். சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பல் நடுங்க என் காதில் சொன்னாள்: "வேணாங்க்கா. அண்ணன்தான் சொன்னான்னு நமக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா நம்மகூட விளையாட வரமாட்டான்."

முப்பத்தொரு வருடம் அவள் பேச்சைக் காப்பாற்றினேன். அவள் போன பிறகு இன்னும் கெட்டியாகக் காப்பாற்றினேன். நீ இப்படி எண்ணி எண்ணிச் சாவாய் என்று தெரிந்திருந்தால் அவளே எப்போதோ சொல்லியிருப்பாள்.

அன்று சாயங்காலம் நீ தெருவுக்கு விளையாட வந்தாய். தெருமுனை வரைக்கும் ஓட்டப்பந்தயம். எப்போதும் அவள்தான் முதலில் வருவாள், உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு அவள் வேண்டுமென்றே மெதுவாக ஓடினாள்.

உன்
அக்கா